தலைகீழாகத் தொங்கிய சாட்சி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு மனிதரைத்தான் ஊரறியக் குற்றவாளி என்று நிரூபித்திருக்கிறேன். அவர் எந்தத் தப்பும் செய்யாதவர். போதாததற்கு என் சொந்தச் சித்தப்பா. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முன் அனுபவம் என்ற இடத்தில் இதை நான் எழுதுவதில்லை.

இன்று ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். யாராவது படம் ஓடவில்லை, சத்தம் வரவில்லை என்று வந்தால் உடனே கை வைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். மேடம் ஆழமாக யோசிக்கிறார் என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அது யோசனை இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அப்போது நான் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. திருவொற்றியூர் கடலோரத்தில் எங்கள் குப்பம். குப்பத்திலேயே கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். அதனால் செல்போன், டி.வி., மிக்ஸி, ஒருமுறை படகு இன்ஜின் உட்படக் கரண்டிலோ பெட்ரோலிலோ ஓடும் எதுவும் கெட்டுப்போனால் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. தெரியாது என்ற சொல்லை அந்த இரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதாக நினைவில்லை.

அப்பாவுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. பாதி நாள் ஷிஃப்டிலேயே போய்விடும். என்னைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் மல்லுக்கட்டியது சித்தப்பாதான். பெயர் கன்னியப்பன். ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்பவர். அவருக்கும் மல்லிகாச் சித்திக்கும் பிள்ளை இல்லை. என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது, எனக்கு இருபது வயதானபோதும் பாப்பாதான்.

எங்கள் கரையில் பாதி மணலைக் கடல் தின்றுவிட்டது. மிச்சம் இருக்கும் மணலில் யார் படகை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். அந்த வருடம் ஆனி மாதத்தில் சித்தப்பாவுக்கும் ஏழுமலை மாமாவுக்கும் அப்படி ஒரு சண்டை. (எங்கள் குப்பத்தில் அப்பாவோடு கூடப்பிறக்காத ஆம்பளைகள் எல்லோரும் மாமாதான்.) வார்த்தை முற்றி, உன் வலையை நீ எப்படிப் போடுகிறாய் என்று பார்க்கிறேன் என்று சித்தப்பா கத்திவிட்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஏழுமலை மாமாவின் படகில் இருந்த புது நண்டு வலையைக் காணோம்.

அப்புறம் கேட்க வேண்டுமா? விஷயம் ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனது. விசாரித்து முடியும்வரை கன்னியப்பன் தொழிலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் ஒரு வருடம் கடலில் படகு இறக்கக் கூடாது, அவரை யாரும் தங்கள் படகில் ஏற்றவும் கூடாது. போலீஸ் ஸ்டேஷன் என்றால்கூட வெளியே வந்துவிடலாம். எங்கள் ஊரில் தொழில் நிறுத்தப்பட்டவனோடு யாரும் சண்டைகூடப் போட மாட்டார்கள், பேசாமல் கடந்து போய்விடுவார்கள். அந்த ஒரு வாரம் சித்தப்பா வாசலில் உட்கார்ந்து, கிழியாத வலையைக் கையில் வைத்துத் தைக்கிற மாதிரி தடவிக்கொண்டிருந்தார். நான் காலேஜுக்குப் போகும்போது அவரைப் பார்க்காமல் போவதற்காகப் பின்பக்கச் சந்து வழியாகப் போனேன்.

கேமரா யோசனை அவருடையதுதான். கரையோரத்து ஐஸ் ஃபேக்டரிச் சுவரில் கடலைப் பார்த்தபடி ஒரு கேமரா இருந்தது. ஏழுமலை மாமாவின் படகு நின்ற இடம் அதற்கு நேர் எதிரே. அங்கே மேனேஜரிடம் பேசி, அன்றைய விடிகாலைப் பதிவை ஒரு பென் டிரைவில் போட்டுத் தர ஏற்பாடு செய்தார். அதை வாங்கிவர என்னை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சபை கூடும். மொத்தச் சபையும் அந்தப் படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்.

மேனேஜர் நல்ல மனிதர். பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, இந்தக் கேமராவோடு ஒரு சி.டி. வந்தது, அதைப் போட்டால்தான் படம் ஓடும் என்றார்கள், அதையும் கொண்டுபோம்மா என்றார். மேசை இழுப்பறையைப் பாதி திறந்தும்விட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது. “அதெல்லாம் வேணாம்ணே, நெட்லயே எல்லாம் கீது” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டால் கறுப்புத் திரை. தேவையான கோடெக் இல்லை என்று ஒரு சின்னக் கட்டம் வந்தது. கோடெக் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. இடத்தை அடைக்காமல் இருக்க வீடியோவை இறுக்கிச் சுருட்டிக் கட்டிவைக்கிறார்கள். அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்த சின்ன நிரலின் பெயர்தான் கோடெக். அந்தக் கேமராக் கம்பெனிக்காரன் தன் பாணியில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தான். அதை அவிழ்க்கும் வித்தை அவன் கொடுத்த சி.டி.யில் இருந்தது. சி.டி. ஐஸ் ஃபேக்டரி இழுப்பறையில் இருந்தது.

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம், மூன்று நிமிட நடைதான். ஆனால் சிரித்துவிட்டு வந்த முகத்தோடு எப்படிப் போவது? நெட்டில் தேடினேன். உலகத்தில் உள்ள எல்லாக் கோடெக்கும் ஒரே மூட்டையில் என்று ஒன்று கிடைத்தது. இறக்கினேன், ஓடவில்லை. இன்னொரு மூட்டை, அதுவும் ஓடவில்லை. மூன்றாவது மூட்டையைப் போட்டபோது அது என்னென்னவோ கேட்டது. கேட்டதற்கெல்லாம் சரி சரி என்று அமுக்கிக்கொண்டே போனேன். (கல்யாண வீட்டில் எது வைத்தாலும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள் உண்டே, அப்படி.) மணி மூன்றரைக்குப் படம் வந்தது.

தலைகீழாக வந்தது. மேலே மணல், கீழே வானம், படகு கவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. மேல் ஓரத்தில் இருக்க வேண்டிய தேதியும் நேரமும் கீழ் ஓரத்தில் குப்புறக் கிடந்தன. மூன்று மூட்டையும் உள்ளே அடித்துக்கொண்டதில் வந்த வினை அது. எங்கோ ஓர் இடத்தில் ஒரே ஒரு டிக்கை எடுத்திருந்தால் நேராகியிருக்கும் என்பது எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது.

முழுசாக ஓட்டிப் பார்க்கவும் இல்லை. சித்தப்பா ஆணித்தரமாகச் சொல்லியிருந்தார், மொதல்ல சபதான் பாக்கணும், நாம முன்னாடியே பாத்தா ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டோம்னு பேச்சு வரும் என்று. அதனால் படம் தெரிகிறது என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு நிறுத்திவிட்டேன். படம் தலைகீழாக இருந்தால் மானிட்டரைத் தலைகீழாக வைத்தால் தீர்ந்தது. இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். மற்ற பிள்ளைகளாக இருந்தால் அழுதிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

கம்ப்யூட்டர் பெட்டியை மீன் கூடையில் வைத்துச் சித்தப்பாவே தலையில் தூக்கிக்கொண்டு ஊர்க் கூடத்துக்கு வந்தார். உள்ளே தலைவரும் பஞ்சாயத்தார் ஆறு பேரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கப்படி பெண்களுக்கு உள்ளே இடமில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். அன்று ஒருநாள் நான் மட்டும் உள்ளே அனுமதிக்கப்பட்டேன். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இருந்த முகங்களில் மல்லிகாச் சித்தியின் முகம் முன்னால் இருந்தது. நான் துப்பட்டாவை இழுத்துப் பின் குத்திக்கொண்டேன்.

மானிட்டரைத் தலைகீழாக நிறுத்த முடியவில்லை. மேல்பக்கம் வழுக்கியது. ஃபேன் கொக்கியில் தொங்கவிடலாம் என்று யாரோ சொன்னார்கள். கடல்காரர்களுக்கு முடிச்சுப் போடவா சொல்லித்தர வேண்டும்? மானிட்டரின் காலில் கயிற்றைக் கட்டி அழகாகத் தொங்கவிட்டது சித்தப்பாதான். கயிறு நழுவாமல் இருக்கத் தன் தோள் துண்டையும் சுற்றினார். துண்டின் முனை தொங்கித் திரையின் மேல் ஓரத்தை மறைத்தது. கொஞ்சம் வானம்தானே மறைகிறது, பரவாயில்லை என்றேன்.

மவுஸை வலது பக்கம் நகர்த்தினால் அம்புக்குறி இடது பக்கம் போனது. தலைகீழ்த் திரையில் அப்படித்தான் போகும். இடம் வலமாகிவிட்டது என்று அந்த மவுஸ் என்னிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. நான் கேட்கவில்லை. திக்கித் திணறிப் படத்தை அமுக்கப் போனால், மூன்றாவது மூட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு விளம்பரம் திரை முழுக்கத் திறந்தது. உடம்பு இளைக்கும் மருந்துக்காக ஒரு பெண் அரைகுறை உடுப்பில் பஞ்சாயத்தார் முன்னால் தலைகீழாக நின்றாள். தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இது யாரு வூட்டுப் பொண்ணு என்று கேட்டார். நான் அவளை மூடுவதற்கு மூன்று தடவை முயல வேண்டியிருந்தது.

கடைசியாகப் படம் ஓடியது. கணக்கு எல்லோருக்கும் தெரியும். கேமரா கடலைப் பார்க்கிறது, கடல் கிழக்கே. ஆகவே படத்தில் இடது பக்கம் வடக்கு, வலது பக்கம் தெற்கு. சித்தப்பாவின் வீடு வடக்குக் கடைசியில். வலையை எடுத்தவன் இடது பக்கம் போனால் சித்தப்பா மாட்டினார். வலது பக்கம் போனால் தப்பித்தார்.

திரையில் தெரிந்தது ஒரு படகு, கொஞ்சம் மணல், ஒரு கீற்றுக் கடல், அவ்வளவுதான். எல்லாம் சாம்பல் நிறம். பதினைந்து நிமிடம் அலை மட்டும் வந்து வந்து போனது. பிறகு லுங்கி கட்டிய ஒருவன் வந்தான், படகுக்குள் குனிந்தான், வலை மூட்டையைத் தலையில் ஏற்றினான். மூட்டையில் முகம் மறைந்துவிட்டது. அவன் திரும்பி நடந்தான். இடது பக்கம் நடந்து படத்தைவிட்டுப் போனான்.

ஏழுமலை மாமா ஒரு பெருமூச்சு விட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கோபம் துளிகூட இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தலைவர் அவரிடம், இன்னாப்பா சொல்ற என்று கேட்டார். சித்தப்பா எழுந்து நின்றார்.

“நான் எட்க்கல. ஆத்தா மேல சத்தியமா எட்க்கல” என்றார். பிறகு, “ஆனா எங்க பாப்பா போட்ட படம் தப்பா இருக்காது” என்றார்.

இரண்டும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? ஒன்றைச் சொன்னால் போதும், தப்பித்திருக்கலாம். அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும், கொயந்த, ஏதோ தப்பாப் போட்டுச்சு என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் நம்பியிருப்பார்கள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போது ஜன்னலிலிருந்து தலைவரைக் கூப்பிடும் சித்தியின் குரல் கேட்டது. பெண்கள் சபையில் பேசக் கூடாது. சித்தி அன்று அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“மாமா, இன்னா கடலு இது? அல வடக்கேர்ந்து சாஞ்சு ஒதைக்குது. ஆனி மாசத்துல எந்த ஊர்ல அப்டி ஒதைக்கும்?”

மொத்தச் சபையும் திரும்பித் திரையைப் பார்த்தது. பிறந்தது முதல் இதே கரையில் நின்றவர்கள். அதுவரை அந்த மனிதனையே பார்த்துக்கொண்டிருந்ததால் கடலைப் பார்க்க மறந்திருந்தார்கள். பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வரும். ஐப்பசிக்கு மேல் வாடைக் காற்று வந்த பிறகுதான் வடக்கிலிருந்து சாயும். திரையில் இருந்தது சந்தேகமே இல்லாமல் கார்த்திகை மாதக் கடல். இது அந்த நாள் படமே இல்லை என்று ஏழு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

சித்தப்பா தப்பினார் என்று நான் சந்தோஷப்பட ஆரம்பிப்பதற்குள் தலைவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, பழைய படத்தக் கொண்ணாந்து போட்டு, சொந்தச் சித்தப்பனையே மாட்டிவுடப் பாத்தியா? இல்ல, இன்னா பண்றோம்னே தெரியாம பண்ணியா?”

ஒன்று நான் துரோகி, இல்லாவிட்டால் முட்டாள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சபை எனக்கு அவகாசம் கொடுத்தது. இரண்டு வருடமாகத் தெரியாது என்ற சொல்லையே பயன்படுத்தாதவளுக்கு இரண்டாவதைச் சொல்ல வாய் எழவில்லை. தேதி எங்கே, படத்தில் தேதி இருக்குமே என்று ஒருவர் கேட்டார். சித்தப்பா எட்டித் துண்டின் முனையைத் தூக்கினார்.

தேதி இருந்தது. ஆனால் எண்கள் எல்லாம் இடவலமாகத் திரும்பி, கண்ணாடியில் தெரிவதுபோல் நின்றன. அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. வீட்டில் வந்த படம் சுழன்று தலைகீழாகவில்லை, பக்கத்துக்குப் பக்கம் அப்படியே இருக்க, மேலது கீழாக மட்டும் மடங்கியிருந்தது. அதன் மேல் நான் மானிட்டரையும் சுழற்றியதில் தலை நேராகிவிட்டது, இடமும் வலமும் மாறிவிட்டன. வடக்கு தெற்காகிவிட்டது. கடல் ஒன்றுதான் பொய் சொல்ல மறுத்திருந்தது.

தப்பு என்னுடையது என்றேன். எனக்குத் தெரியாது, தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். ஒருமுறை ஆரம்பித்த பிறகு அந்தச் சொல் நிற்கவே இல்லை, கோடெக்கிலிருந்து சி.டி. வரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கம் மாறியிருக்கிறது என்பதை மட்டும் சித்தி பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு ஓடி, சித்தப்பா சவரம் செய்யும் சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடியைக் கொண்டுவந்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினார்.

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு விசாரணை நடந்ததில்லை. தலைவர் சாட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணாடியைத் தோளுக்கு மேல் பிடித்துப் படத்தைப் பார்த்தார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். ஏழு பேரும் மீசையைத் தடவாமல் கண்ணாடி பார்த்தது அன்று ஒருநாள்தான் இருக்கும். கண்ணாடிக்குள் அலை தெற்கிலிருந்து அடித்தது. தேதி சரியாக இருந்தது. வலைக்காரன் வலது பக்கம், தெற்கே, காசிமேட்டுத் திசையில் நடந்து போனான்.

ஏழுமலை மாமாவும் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். இன்னொருமுறை ஓட்டச் சொன்னார். பிறகு கண்ணாடியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அது தன் மச்சான் நடை என்றார். காசிமேட்டு மச்சானுக்கு அங்கேயே போன் போட்டார்கள். ஆமாம், தான்தான் எடுத்துப்போனதாக அவன் சாவகாசமாகச் சொன்னான், முந்தின நாள் சாயங்காலம் கேட்டதற்கு நீதானே எட்த்துகினு போன்னு சொன்ன என்றான். முந்தின நாள் சாயங்காலம் ஏழுமலை மாமா இருந்த போதையில் யார் எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

ஏழுமலை மாமா எழுந்து வந்து சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடிகாலையில் சித்தப்பாவின் படகைக் கடலில் இறக்கத் தள்ளியவர்களில் அவரும் ஒருவர். அந்தக் கோடெக் மூட்டைகளால் என் கம்ப்யூட்டர் அடுத்த மாதமே படுத்துவிட்டது. அதற்கு நான் அழவில்லை.

எனக்குக் கிடைத்த தண்டனை ஆயுள் தண்டனை. குப்பத்தில் இன்றைக்கும் ஏதாவது தாறுமாறாகப் போனால், மானிட்டரத் திருப்பு என்பார்கள். என் நிச்சயதார்த்தப் படங்களை ஃபோட்டோகிராஃபர் கொண்டுவந்து காட்டியபோது, சித்தி உள்ளே போய் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கண்ணாடியை எடுத்துவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பாவம், அவருக்கு முழுக் கதையையும் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது.

இப்போது சித்தப்பாவிடம் நல்ல போன் இருக்கிறது. கரையிலிருந்து வீடியோவில் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதற்கு முன்னால் போனைக் கடல் பக்கம் திருப்பி, அலை எங்கேயிருந்து அடிக்கிறது சொல்லு என்பார். நான் அலுவலக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கிழக்கு எது என்று விரலால் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்வேன். போன வாரமும் கேட்டார். அவசரத்தில் வடக்கு என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்து சித்தி, கண்ணு தெர்தா இல்லியா, ஆடி மாசத்துல வடக்காம் வடக்கு என்று சிரித்தார். சித்தப்பா போனைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.

“நீ சொம்மா இரு. பாப்பா சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்று சித்தியை அதட்டினார். அதே நம்பிக்கைதான் அன்று அவரைச் சபையில் மாட்டிவிட்டது. இத்தனை வருடத்தில் அந்த மனிதருக்கு இன்னும் புத்தி வரவில்லை.